கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

மூன்றாம் நாளாகத் திரும்பி வந்திருக்கிறது
குலாம் தஸ்தகீரின் கிரியாட்டினின்.
ஐந்நூற்று ஐம்பது என்கிறது எந்திரம்.
அதன் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி:
உங்கள் ஐபி எண் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது,
விவரத்துக்கு இங்கே சொடுக்கவும்.

சொடுக்கினேன்.
அம்பத்தூரில் ஏதோவொரு குளிரூட்டிய அறையில்
எங்கள் லேபோடு ஒரே அலமாரியில் குடியிருக்கும் எவனோ
ஒரே ராத்திரியில் லட்சம் பேருக்கு
முடி வளர்க்கும் எண்ணெய் விற்றிருக்கிறான்.
அவன் எண் எழுபத்து மூன்றில் முடியும்.
எங்களுடையது எழுபத்தைந்தில்.
தெருவையே அடைத்துவிட்டார்கள்.

தஸ்தகீர் பாய் போனில் கத்தவில்லை.
"டயாலிசிஸ் வேணுமா வேணாமான்னு
நாளைக்கு டாக்டர் சொல்லணும்மா" என்றார்.
வாட்ஸ்அப்பில் காட்டினால் ஆஸ்பத்திரி ஏற்காது,
மெயிலில் வந்தால்தான் ரெக்கார்டாம்.
ஸ்பேம்ல பார்க்கச் சொல்லுங்க பாய் என்றேன்,
அங்கும் இருக்காது என்று தெரிந்தே.
குப்பைக்கூடையில் விழுவதற்கும்
முதலில் வாசலைத் தாண்ட வேண்டும்.

இதற்கிடையில் என் பெட்டிக்குத்
தடங்கலில்லாமல் வந்து சேர்ந்தார்
மூன்றரைக் கோடியை வைத்துக்கொண்டு
வாரிசு தேடும் விதவை.
கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக என்று முடித்திருந்தார்.
வாரம் இருமுறை வருகிறார்.
அவர் எண் சுத்தமாம்.

பட்டியலிலிருந்து நீக்கக் கோரும் படிவம்.
பெயர். நிறுவனம். எண்.
நான்காவது கட்டத்தில்
நீங்கள் செய்த தவறு என்ன, எப்படித் திருத்தினீர்கள்?
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
காலியாக விட முடியாது.
எதுவும் செய்யவில்லை என்று அடித்தேன்.
இன்னும் விரிவாக, என்றது.

கண்ணகி நகர் என்றதும்
பேனாவை மூடிவைத்த லோன்காரரிடம்
எந்தத் தவறைத் திருத்திக் காட்டியிருப்பேன்?
நெகட்டிவ் ஏரியாம்மா, சிஸ்டம் எடுக்காது என்றார்
சிஸ்டம் தன் மாமனார் என்பதுபோல.
பிரியாணி கொண்டுவரும் பையன்
மெயின் ரோட்டிலேயே நின்றுவிடுவான்.
நான் நடந்து போய் வாங்கிவருவதற்குள்
மூடியின் உட்பக்கம் வியர்த்து ஓய்ந்திருக்கும்.
இந்த வேலைக்கு எழுதிப் போட்டபோது
துரைப்பாக்கம் என்று மட்டும் போட்டேன்.
அதற்கு முந்தைய ஏழு விண்ணப்பங்கள்
எங்கே போய் விழுந்தனவோ,
அவற்றுக்கு ஓர் ஐந்நூற்று ஐம்பதுகூட வரவில்லை.

தேவசகாயம் சார் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.
"மாசம் ரெண்டாயிரம் கட்டுனா
பெரிய கம்பெனிக்காரன் அவன் எண்ணுல
அனுப்பித் தருவானாம். கட்டிடலாமா?"

வேளச்சேரி அத்தை வீட்டு விலாசம்
ஞாபகம் வந்தது.
தம்பியை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க
அரைக் கிலோ ஜிலேபியோடு போய்
அம்மா இரவல் வாங்கிய விலாசம்.
அத்தை பெட்டியைப் பிரிக்காமலே
சரி எழுதிக்கோ என்றாள்.

கட்டிடலாம் சார் என்றேன்.

நான்கு நொடி.
அதே தாள், அதே ஏழு புள்ளி எட்டு.
போய்ச் சேர்ந்துவிட்டது.
"இப்ப மட்டும் எப்படிம்மா போச்சு?" என்றார் பாய்.
வேற வழியா அனுப்பினேன் பாய்.
"அந்த வழியிலயே முன்னாடியே அனுப்பியிருக்கலாம்ல."

படிவம் இன்னும் திறந்தே கிடந்தது.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
தவறு: பக்கத்தில் குடியிருந்தோம்.
திருத்தம்: இன்னமும் அங்கேதான் இருக்கிறோம்.

ஏற்றுக்கொண்டது.
பத்து வேலை நாட்களில்
பதில் மெயிலில் வருமாம்.